லோரெட்டாவின் காரை கோர்டி கழுவிய கதை

“யாருய்யா உன்னைக் கழுவச் சொன்னது? சொல்லு, யாரு சொன்னது?”

“அழுக்கா இருந்துச்சு, லோரெட்டா.”

“அழுக்கா இருந்துச்சாம்! அந்த அழுக்கைப் பாக்கத்தான்யா அந்த ஆளு ஒஹையோவுலேர்ந்து வண்டி கட்டிக்கிட்டு வர்றான்!”

சத்தம் என் சமையலறை வரைக்கும் வந்தது. ஆனால் தெளிவாக வரவில்லை; அதனால் காபிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தேன். அங்கேயும் பாதி வார்த்தைகள் காற்றில் போயின. வேறு வழியில்லாமல் தெருவைக் கடந்து லோரெட்டாவின் ஷெட் வாசலிலேயே போய் நின்றேன்.

லோரெட்டா வீட்டு அங்கியில், தலையில் சுருட்டிகளோடு நின்றாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற குரல். எதிரே அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் கோர்டி, கையில் தண்ணீர்க் குழாயோடு, முழங்கால் வரை நனைந்து நின்றார். குழாயை மூட வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. இருவருக்கும் நடுவில் லோரெட்டாவின் காலஞ்சென்ற கணவன் ரூடியின் பச்சை பாண்டியாக், அறுபத்தொன்பதாம் வருஷத்து வண்டி, குளித்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது.

“வா டோரீன், நீயும் வந்து பாரு! நாலு வருஷத் தூசி! வண்டி வாங்க வர்ற அந்த வென்டெல் போன்ல என்ன சொன்னான்? ‘மேடம், ஒரு துணிகூடப் படக் கூடாது, அப்படியே இருக்கணும்’னான். இந்த மனுஷன் சோப்புப் போட்டுத் தேச்சிருக்கான்!”

எங்கள் டெட்ராய்ட் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் மினுமினுப்பைப் பார்த்தால் பயந்து போவார்கள். புதிதாகப் பெயின்ட் அடித்து ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகம் வந்துவிடும். ஷெட்டுக்குள் தூசி மூடி, யாரும் தொடாமல், தொழிற்சாலையிலிருந்து வந்த அதே பெயின்ட்டோடு கிடக்கிற வண்டி என்றால்தான் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். முதலில் தூசியைப் படம் எடுப்பார்கள், பிறகுதான் வண்டியைப் பார்ப்பார்கள்.

இது கோர்டிக்குத் தெரியாதா? அந்த மனுஷன் பாண்டியாக் தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவிலேயே வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, அங்கிருந்தே ஓய்வு பெற்றவர்.

இந்தக் கேள்வி லோரெட்டாவுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. பதிலும் உடனே கிடைத்தது, ஏனென்றால் என் ஜன்னல் அவர்கள் இரண்டு வீட்டையும் பார்த்த மாதிரி இருக்கிறது. அது கட்டியவன் செய்த ஏற்பாடு, என் தப்பில்லை. ரூடி போனதிலிருந்து பனிக்காலத்தில் கோர்டி முதலில் லோரெட்டாவின் வாசலில்தான் பனி தள்ளுவார். தன் வாசல் மத்தியானம் வரை மூடிக் கிடக்கும். மாதம் தவறாமல் அந்த பாண்டியாக்கைக் கிளப்பி உறுமவிட்டு நிறுத்துவதும் அவர்தான். அந்த லோரெட்டா இப்போது வண்டியை விற்றுவிட்டு, பனியே இல்லாத அரிசோனாவில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் வீடு வாங்கிப் போகப் போகிறாள். வண்டி விற்காவிட்டால் பயணமும் இல்லை. தெரு முழுக்கப் புரிந்த விஷயம். லோரெட்டா ஒருத்திக்கு மட்டும் புரியவில்லை, சுற்றிலும் பார்க்க ஐம்பது கண்ணாடி வைத்து பஸ் ஓட்டுகிறவளுக்கு.

“மத்தியானம் வந்துடுவான். இப்ப என்னடி பண்றது?” என்றாள்.

யோசனை சொன்னது நான்தான். மறைக்கவில்லை. என் வாக்குவம் கிளீனரின் பை நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. தூசிக்குத் தூசி.

“கோர்டி, நீ அந்தப் பக்கம் தூவு” என்றாள் லோரெட்டா.

“நானா?”

“கழுவுனது நீதானே? பின்ன யாரு, என் பஸ் பிள்ளைங்களா?”

மூவரும் சேர்ந்து வண்டியின் கூரையிலும் பானட்டிலும் பையை உதறினோம். கோர்டி அஸ்தி கரைக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பிடிபிடியாகத் தூவினார். தூசி அங்கங்கே திட்டாக உட்கார்ந்தது. கொஞ்சம் ஆரஞ்சு நிறமாகவும் இருந்தது. என் பூனை பிக்கிள்ஸுக்கு அந்த வருஷம் முடி அதிகமாகக் கொட்டிக்கொண்டிருந்ததை நான் யோசிக்கவில்லை.

வென்டெல் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தார். ஒல்லி மனிதர், மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப் பையில் சின்ன டார்ச். எங்களுக்கு ஆகாத பக்கத்து மாநிலம், ஒஹையோக்காரர் என்றாலும் பேச்சில் மரியாதை இருந்தது. ஷெட்டுக்குள் இரண்டு அடி வைத்தார். தும்மினார். இன்னும் ஓர் அடி. மறுபடி தும்மினார்.

“மேடம், உங்க வீட்ல பூனை இருக்குங்களா?”

“இல்லையே” என்றாள் லோரெட்டா, குரல் நடுங்காமல்.

அந்த நேரம் பார்த்து பிக்கிள்ஸ் தெருவைக் கடந்து வந்து, பானட் மேல் ஏறி, தன்னுடைய முடியின் மேலேயே வட்டமாகப் படுத்துக்கொண்டது.

வென்டெல் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “பரவால்லங்க. போன மாசம் ஒருத்தர் வண்டி மேல கோதுமை மாவு தூவி வெச்சிருந்தாரு. நான் போறதுக்குள்ள எறும்பு வந்து ஊர்வலம் போயிட்டிருந்துச்சு.”

லோரெட்டாவுக்குப் பொய் நெடுநேரம் தாங்காது. “காலைல இவரு கழுவிட்டாருங்க” என்று கோர்டியைக் காட்டினாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. வென்டெல் கதவருகே குனிந்து, விரலால் பெயின்ட்டைத் தடவி, உதட்டைப் பிதுக்கினார். “பெயின்ட் ரொம்ப நல்லா இருக்குங்க. அதான் பிரச்சனை. கழுவின வண்டின்னா, முன்னாடியே புதுசா பெயின்ட் அடிச்சு நிறுத்திட்டு, இப்ப அந்தப் புதுப் பூச்சை மறைக்கத் தூசி போட்டாங்களோன்னு எனக்குத் தோணும். தப்பா நெனைக்காதீங்க.”

“என் புருஷன் இதுல ஒரு கீறல் விழவிட்டதில்லைங்க. என்னை ஒரு ஐஸ்கிரீம் கூட இதுல வெச்சுத் திங்கவிட்டதில்ல. அவரா பெயின்ட் அடிப்பாரு?”

“நீங்க சொல்றீங்க. நாளைக்கு என்கிட்ட வாங்குறவன் நம்பணுமே.”

நான் கோர்டியின் முகத்தைப் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்குப் பொட்டலம் பிரிக்கிற பிள்ளையின் முகம். தண்ணீர்க் குழாயை அழகாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டார், சீட்டியோடு.

வென்டெல் கிளம்பும் முன், வந்த பாவத்துக்கு டிக்கியைத் திறந்தார். டார்ச்சை மூடியின் உட்பக்கம் அடித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“இது... இது என்னங்க?”

எட்டிப் பார்த்தோம். மூடியின் உள்விளிம்பில், பச்சைப் பெயின்ட் ஒரு நகக்கண் நீளத்துக்கு ஒழுகி, சொட்டாகி, கீழே விழாமல் இறுகிப்போயிருந்தது. ரூடி போனதிலிருந்து அழுக்கு மூடிக் கிடந்த இடம். கோர்டி எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். டிக்கியின் உட்புறத்தையும் தேய்த்துத் துடைத்திருந்தார்.

“தொழிற்சாலை ஒழுகல்!” வென்டெலின் குரல் ஏறிவிட்டது. “காசு வாங்கிட்டுப் புதுசா பெயின்ட் அடிக்கிறவன் எவனும் இப்படி விடமாட்டான். தேய்ச்சு எடுத்துடுவான். அவசரத்துல அடிச்சுட்டு அடுத்த வண்டிக்கு ஓடுறவன்தான் இப்படி விட்டுட்டுப் போவான். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? எந்தப் புண்ணியவான் கைங்க இது?”

லோரெட்டாவுக்கு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அந்தப் புண்ணியவான் அதோ குழாயைச் சுத்திக்கிட்டு நிக்கிறாரு! ரூடி வண்டிய வீட்டுக்குக் கொண்டாந்த அன்னைக்கே இதக் காட்டி இவரக் கேலி பண்ண ஆரம்பிச்சாரு. அந்த வருஷம் டிக்கி மூடிக்குப் பெயின்ட் அடிச்சது இவருதான். ‘கோர்டி எச்சில் ஒழுகின இடம்’னு சாகுற வரைக்கும் சொன்னாரு!”

“அப்ப எனக்குப் பத்தொம்போது வயசு” என்றார் கோர்டி பரிதாபமாக. “முதல் நாள் ராத்திரி நடனத்துக்குப் போயிருந்தேன்.”

வென்டெல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். சொட்டுக்குப் பக்கத்தில் கோர்டியை நிற்க வைத்துப் படமும் எடுத்தார். அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். பல் பிடுங்க உட்கார்ந்தவர் மாதிரி இருக்கிறார். பாவம், வண்டி விற்கக் கூடாது என்று கழுவினார், கழுவியதாலேயே விற்றுப்போயிற்று. அதுவும் பத்தொன்பது வயதில் தானே சொட்டவிட்ட பெயின்ட்டால்.

லோரெட்டா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வருகிற சனிக்கிழமை வுட்வர்ட் சாலையில் பழைய கார்களின் ஊர்வலம்; அது முடிந்து ஞாயிற்றுக்கிழமைதான் வண்டியை எடுக்க வேண்டும். வென்டெல் முதலில் தயங்கினார். பிறகு, “பூனை மட்டும் உள்ள வேண்டாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர்வலத்துக்கு எங்கள் ஆட்கள் புதன்கிழமையே சாலை ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். என் நாற்காலி செவ்வாய்க்கிழமையே போய் உட்கார்ந்துவிட்டது. சனிக்கிழமை காலையிலிருந்து பழைய வண்டிகள் உறுமிக்கொண்டு ஊர்ந்தன. சாலை முழுக்கப் பெட்ரோல் வாசனையும் வெங்காயம் வதங்குகிற வாசனையும். மத்தியானம் போலப் பச்சை பாண்டியாக் வந்தது. ஓட்டியது லோரெட்டா, பஸ் ஓட்டுகிறவளை யார் பக்கத்து இருக்கையில் உட்கார வைக்க முடியும்? ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் வழிந்துகொண்டிருந்த சாக்லேட் ஐஸ்கிரீம். பக்கத்தில் கோர்டி, மடியில் மிளகாய்க் குழம்பு ஊற்றிய, ரொட்டிக்குள் இறைச்சி வைத்த ஹாட்டாக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, இருக்கையில் ஒரு துளி விழாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

சரியாக என் நாற்காலிக்கு முன்னால் ஊர்வலம் நின்றது. கார்க் கண்ணாடிகள் இறங்கியிருந்தன. நான் என்ன, காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

“இப்பவாவது நிஜத்தச் சொல்லு. ஏன்யா கழுவுன?”

“அழுக்கா...”

“கோர்டி!”

கோர்டி ஹாட்டாக்கைப் பார்த்துச் சொன்னார். “வண்டி போச்சுன்னா நீயும் போயிடுவ.”

ஐஸ்கிரீம் லோரெட்டாவின் முழங்கைக்கு இறங்கியது. அவள் துடைக்கவில்லை. முன்னால் இருந்த வண்டி நகர்ந்துவிட்டது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான்.

“இதச் சொல்றதுக்கா ஒரு வாளித் தண்ணியும் சோப்பும்? வாய் எங்க போச்சு?”

“நீ எங்க பேசவிட்டே? வாயத் தொறந்தா உக்காருங்கற!”

“அரிசோனால பனியே கெடையாது. அங்க வந்து என்னத்தத் தள்ளுவ?”

கோர்டி கொஞ்சம் யோசித்தார். “மணல் இருக்கும்ல?”

பின்னால் பத்து ஹாரன்கள். லோரெட்டா ஐஸ்கிரீமை ஜன்னல் வழியாக என் கையில் திணித்தாள். “பிடிடி டோரீன், எப்படியும் கேட்டுக்கிட்டுத்தான இருக்க!” என்று சொல்லிவிட்டு ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தாள். அந்த உறுமலில் சாலை ஓரம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. எஞ்சினுக்குத்தான் தட்டுகிறோம் என்று அவர்கள் நினைத்தார்கள். கோர்டியின் மடியில் இருந்த ஹாட்டாக் ரூடியின் இருக்கையில் கவிழ்ந்தது. இருவரும் சிரித்த சிரிப்பு அடுத்த சிக்னல் வரை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஏற்றிக்கொண்டு போன வென்டெல் இன்னும் எனக்கு போன் செய்கிறார். கறை போய்விட்டதாம், ஏசி துவாரத்திலிருந்து ஆரஞ்சு முடி மட்டும் இன்னும் வருகிறதாம். டிக்கியைத் திறந்து வைத்து, கோர்டியின் படத்தைப் பக்கத்தில் மாட்டி, ஒரு கண்காட்சியில் பரிசும் வாங்கிவிட்டார்.

லோரெட்டாவும் கோர்டியும் அந்தக் குளிர்காலத்துக்கு முன்பே நீதிமன்றத்தில் கல்யாணம் செய்துகொண்டு அரிசோனா போய்ச் சேர்ந்தார்கள். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். வெயில் தாங்கவில்லை என்று கோர்டி வாரம் ஒரு முறை புலம்புகிறார்; விளக்குமாறும் கையுமாக வாசலில் மணல் தள்ளுகிற படத்தை லோரெட்டா அனுப்புகிறாள். இரண்டு வீடும் விற்றுப்போயின. கோர்டியின் வீட்டுக்கு வந்தவர்கள் எந்நேரமும் திரைச்சீலையை இழுத்து மூடி வைக்கிறார்கள். லோரெட்டாவின் வீட்டுக்கு வந்த இளம் தம்பதி மின்சாரக் கார் வைத்திருக்கிறார்கள். சத்தமே இல்லாத வண்டி. எப்போது போகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்று எனக்கே தெரிவதில்லை.