சாவியோடு சொல்ல வேண்டியது

அந்த மெக்கானிக் கடையில் ரசீது என்று ஒன்று கிடையாது. மெக்கானிக்கின் கையெழுத்து கோழிக் கிறுக்கல், எழுதினால் அவருக்கே புரியாது. வண்டியில் என்ன வேலை முடிந்தது, எது பாக்கி, எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் பெண்டாட்டியிடம் சொல்லிவிடுவார். அவள் சாவியைக் கொடுக்கும்போது அதை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பிப்பாள். பதினெட்டு வருஷமாக இப்படித்தான். வாடிக்கையாளர்கள் அவளுக்கு ரசீதக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ரசீதக்கா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

அன்று காலை அவள் அண்ணனின் கார் வேலைக்கு வந்திருந்தது. நெரிசலில் நின்றால் சூடாகிறது என்று புகார். மெக்கானிக் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி அவளிடம் வந்தார். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற ஃபேனுக்கு இரண்டு பேர் உத்தரவு போடலாம். எஞ்சின் கொதித்தால் சூட்டை அளக்கும் சென்சார் ஃபேனைச் சுற்றச் சொல்லும். ஏசி ஓடினாலும் ஃபேன் சுற்றியாக வேண்டும், ஏனென்றால் ஏசியின் சூட்டைக் கழிக்கிற கண்டன்சரும் ரேடியேட்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. இதில் சென்சார் செத்துவிட்டது. புதுசு வர நாலு நாள் ஆகும்.

"அதுவரைக்கும் ஏசிய அணைக்கவே கூடாதுன்னு சொல்லிடு. ஏசி ஓடினா ஃபேன் ஓடும், ஃபேன் ஓடினா எஞ்சின் பிழைக்கும். மச்சான் பெட்ரோலுக்குப் பயந்து அணைச்சிடுவார், அழுத்திச் சொல்லு" என்றார். ஏசி பொத்தானைத் தானே அழுத்தி வைத்துவிட்டு, சாமான் வாங்கக் கிளம்பிப் போனார்.

அழுத்தித்தான் சொல்ல வேண்டும். அண்ணன் எச்சில் கையால் காக்கா விரட்டாத ஆள். வண்டி ஓட்டும்போது பெட்ரோல் முள்ளைத் தவிர வேறு எந்த முள்ளையும் பார்க்க மாட்டார். வேலை போன பிறகு அந்தக் காரில் ஆட்களை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டுத்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. கார் படுத்தால் குடும்பமே படுத்துவிடும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தாள், சும்மா மழுப்ப வேண்டாம்.

அண்ணன் பதினோரு மணிக்கு வந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். பழுதைப் பார்த்தாச்சா என்று கேட்டார். பார்த்தாச்சு என்று சாவியைக் கொடுத்தாள். ஏசியைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்துகூட விட்டாள், சத்தியமாக. அதற்குள் அவரே பேச்செடுத்தார்.

"அம்மா போய் ஒரு வருஷம் ஆகப் போகுது, நீ வீட்டுப் பக்கமே வர்றதில்ல. இன்னும் அதையே மனசுல வச்சிருக்கியா? அவங்களுக்குக் கடைசியில யாரையும் அடையாளம் தெரியலம்மா. நீ வந்து என்ன பண்ணியிருக்கப் போற?"

அவள் வாய் மூடிக்கொண்டது. அம்மாவுக்கு மறதி நோய் முற்றிய அந்த ஆறு மாதமும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் அவளை வாசலிலேயே நிறுத்தி அனுப்பினார். அம்மா தினமும் சாயங்காலம் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சாவுக்குப் பிறகுதான் சொன்னாள். முதுகு துடைத்துவிட மகளைக் கேட்டிருக்கிறாள், பாவி மனுஷி. அன்றிலிருந்து இவள் வயிறு எரிந்துகொண்டிருக்கிறது. அண்ணனோ நடந்தது ஒன்றுமில்லை என்கிற மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

வண்டியைக் கிளப்பினார். ஏசியோடு சேர்ந்து ஃபேனும் ஓடியது, நன்றாகவே ஓடியது. அண்ணன் முகம் சுளித்தார்.

"யாருமே இல்லாத வண்டிக்கு ஏசி எதுக்கு? பெட்ரோல் என்ன குழாயிலயா வருது?" என்று பொத்தானைத் தட்டி அணைத்தார்.

ஃபேன் நின்றது. ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழ தூரம்தான் இருந்தது. "பார்த்துப் போங்கண்ணா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மேம்பாலத்தில் முக்கால் மணி நேர நெரிசல். பின்னால் பிரயாணிகள் இரண்டு பேர், ஏசி கேட்டும் இவர் பெட்ரோலுக்குப் பயந்து போடவில்லை; விமானத்துக்கு நேரமாகிறது என்று வேறு கத்தியிருக்கிறார்கள். புகை வந்த பிறகும் இவர் விடாமல் ஓட்டியிருக்கிறார். எஞ்சின் இறுகிப்போய்விட்டது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்து, ஒன்றும் மிச்சமில்லை மச்சான் என்றார்.

அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சொந்த மச்சானையே ஏமாற்றின பயல், பழுது பார்க்காமலே பார்த்தாச்சு என்று அனுப்பினவன் என்று வாய்க்கு வந்தபடி திட்டினார். கடையில் அப்போது நாலு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒருவர் தன் வண்டிச் சாவியைத் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மெக்கானிக் அதைப் பார்த்தார். நாணயம் ஒன்றைத் தவிர அவருக்கு வேறு சொத்து கிடையாது.

அவர் குரலை உயர்த்தவில்லை. பெண்டாட்டியைக் கூப்பிட்டார்.

"ஏசிய அணைக்கக் கூடாதுன்னு சொன்னியா, இல்லையா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் கடை போச்சு, பதினெட்டு வருஷப் பேரும் போச்சு. அதற்காகத்தான் பொய் சொன்னாள் என்று அப்புறம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த நிமிஷத்தில் கடை ஞாபகமே அவளுக்கு இல்லை.

"சொன்னேன். சாவி கொடுக்கும்போதே சொன்னேன். அண்ணா சரி சரின்னு தலையாட்டினார்."

வாடிக்கையாளர்கள் மூச்சு விட்டார்கள். ரசீதக்கா சொல்லியாகிவிட்டது. அண்ணன் மறுபடி கத்தப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. தலையாட்டினேனா என்று முணுமுணுத்தார். அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தார். அவருடைய கோபம் போன இடம் தெரியவில்லை, முகத்தில் பயம்தான் இருந்தது.

"எனக்கு ஞாபகமே இல்லையேம்மா" என்றார். "போன வாரம் கேஸ் அடுப்ப அணைக்காம வந்துட்டேன்னு உங்க அண்ணி சத்தம் போட்டா. அம்மாவுக்கு இப்படித்தானே ஆரம்பிச்சுது?"

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டு வாங்கினவர் அவர், அவரே தண்ணீர் கொண்டுவந்து மச்சான் கையில் கொடுத்து, தோளைப் பிடித்துக்கொண்டார். யாருக்குத்தான் மறதி இல்லை என்று தேற்றினார். அண்ணன் தண்ணீரைக் குடிக்காமல் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும், அந்த மனுஷன் இன்று ராத்திரி தூங்குவார்.

"நிஜமா சொன்னியாம்மா?"

அவள் பக்கத்தில் போய்க் குனிந்தாள். குரலில் அவ்வளவு அக்கறை.

"ரெண்டு தடவை சொன்னேண்ணா. எதுக்கும் ஒரு டாக்டரப் பாத்துடுங்க."