மூன்று கரண்டி

என் மனைவி லெய்ரேயின் சாம்பலை அவள் அம்மா, என் அத்தை, ஒன்றரை மணி ரயிலில் தொலோசாவுக்கு எடுத்துப்போவதாக முடிவாகியிருந்தது. குடும்பக் கல்லறை அங்கே. பாதிரியார் இரண்டரைக்கு வருவார். நான் சரி என்றேன். அந்த ஆண்டு எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

லெய்ரே கேட்டது வேறு. விரிகுடாவின் முனையில், பாறைகளில் இரும்புச் சிற்பங்கள் நிற்கும் இடத்தில், கல்தரையில் துளைகள் உண்டு. அடியில் அலை புகுந்தால் அவற்றின் வழியே காற்று சீறும். வெளியூர் விருந்தினரை ஒரு துளையின்மேல் நிறுத்தி, "இங்கேருந்துதான் படம் நல்லா வரும்" என்பாள். தொப்பிகள் பறக்கும். மருத்துவமனையில் சொன்னாள்: "என்னைக் கொஞ்சம் அந்தத் துளையில போடு. நான் இல்லன்னு யாரும் நிம்மதியா படம் எடுக்கக் கூடாது."

அத்தை காலைப் பூசைக்குப் போனதும், மைத்துனி கராசியும் நானும் மூன்று கரண்டி சாம்பலைக் காப்பி டப்பாவில் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பதினொன்றரைக்குக் கடல் உச்சத்துக்கு ஏறும் என்று அட்டவணையில் பார்த்திருந்தாள்.

துளை சீறவில்லை.

"பெருமூச்சுதான் விடுது அத்தான். எங்கம்மா மாதிரி."

"யாரு மாதிரி?"

பின்னால் அத்தை. தோளில் பயணப் பை. அதற்குள் லெய்ரே.

"தொட்டியில சூப்புக் கரண்டி கெடந்துது. சாம்பலோட. ரெண்டு பேரும் இந்தப் பக்கம் போனதா எதிர்வீட்டுல சொன்னாங்க. என்னடி டப்பாவுல?"

"காப்பித்தூள்மா."

"சிற்பத்துக்குக் காப்பி போடப் போறியா? மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க."

சொன்னேன். லெய்ரே கேட்டதை, கேட்டபடியே. அத்தை குனிந்து துளைக்குள் பார்த்தாள்.

"கடல் ஏறுறது எத்தன மணின்னு போட்டிருந்துது?"

"பதினொண்ணரை."

"அட்டவணை சூரியன் நேரம்டி. கோடையில ரெண்டு மணி கூட்டணும். மீன் பிடிச்சவன் பேத்திக்கு இதுகூடத் தெரியல."

ஒன்றரை. ரயில் நேரம்.

அத்தை படிக்கட்டில் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள்.

"ஃபாதர், இன்னிக்கி ரயில் தாமதமாம். நாலு மணி ஆகும். என்ன சத்தமா? ஸ்டேஷன்ல ஒரே இரைச்சல், ஃபாதர்."

கராசி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காத. பாவம் எனக்குத்தான்," என்று அத்தை பையிலிருந்து முட்டை வைத்த ரொட்டியை எடுத்து மூன்றாகப் பிய்த்தாள். "சாப்பிடுங்க மாப்பிள்ளை. எலும்பாப் போயிட்டீங்க."

சாப்பிட்டேன்.

ஒன்றரைக்குத் தரை அதிர்ந்தது. டப்பாவைக் கவிழ்த்தேன். துளை ஒரு கணம் விழுங்கியது, பிறகு சீறியது. பாதி மேலே போயிற்று. மீதி அத்தையின் கறுப்புச் சட்டையில் வந்து விழுந்தது.

"பொறந்ததுலேருந்து இவ இப்பிடித்தான்," என்றாள் அத்தை.

சட்டையைத் தட்டாமலே அடுத்த ரயிலுக்கு நடந்தாள்.