சிங்கக்கால் நாற்காலி

பழையதையும் புதியதையும் மோதவிட்டால்தான் அழகு என்று வீட்டை அலங்கரிக்க வந்தவள் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து சின்னவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. கிழிந்த ஜீன்ஸுக்குப் பாட்டன் காலத்து முத்துமாலை, ரப்பர் செருப்போடு வைர மோதிரம். கேட்டால் ரசனையாம். கூடத்தில் பிளாஸ்டிக் முக்காலிக்குப் பக்கத்தில், சிங்கக்கால் வைத்த ஈட்டிமர நாற்காலி ஒன்று வந்து உட்கார்ந்தது. யாரோ ஒரு பிரபுவின் படுக்கையறையில் இருந்ததாம். பிரபு அதில் தினமும் உட்கார்ந்தார் என்று விற்றவன் சத்தியம் செய்தான். அந்த ஒரு விஷயத்தில் அவன் பொய் சொல்லவில்லை.

இத்தனை ஆட்டமும் ஓரகத்திக்காகத்தான். மூத்தவள் ஆஸ்பத்திரியில் முதியோர் வார்டு நர்ஸ். குடும்பத்தில் எதற்கெடுத்தாலும் "பெரியவளைக் கேளு"தான். ஒரே ஒருமுறை அவள் தன் வீட்டைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும், இல்லையென்றால் வாழ்ந்தென்ன என்றிருந்தது சின்னவளுக்கு. இன்றைக்கு வீடு பத்திரிகையிலேயே வந்துவிட்டது. நாத்தனார், சித்தி, சம்பந்தி என்று ஒருவர் விடாமல் கூப்பிட்டிருந்தாள்.

மூத்தவள் ட்யூட்டி முடிந்து வந்தாள். நாற்காலியைப் பார்த்ததும் வாயைப் பிளந்தாள். சின்னவளுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

"சும்மா உட்காருங்கக்கா."

மூத்தவள் உட்காரவில்லை. பழகின கையால் வெல்வெட் மெத்தையைத் தூக்கினாள். அடியில் ஒரு பலகை. அதையும் தூக்கினாள். வட்டமாக ஒரு ஓட்டை.

"சட்டி எங்கடி?"

"எந்தச் சட்டி?"

"இதுக்கடியில வைக்கிற சட்டி. பாத்ரூம் வரைக்கும் நடக்க முடியாதவங்களுக்குன்னு எங்க வார்டுல இது பன்னிரண்டு கிடக்கு. சிங்கக்கால்தான் கிடையாது."

நாத்தனார் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். சின்னவளுக்கு முகம் செத்துப்போயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக ஓரகத்தியிடம் கெஞ்சினாள்.

"நமக்குள்ளயே இருக்கட்டும்க்கா. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்."

மூத்தவளுக்கே பாவமாக இருந்தது. "நான் யார்கிட்டடி சொல்லப்போறேன்?" என்றாள் மனசார. பேச்சை மாற்றலாமென்று மேசையிலிருந்த பத்திரிகையை எடுத்துப் பிரித்தாள். நடுப்பக்கம் முழுக்க அதே நாற்காலி, அதன்மேல் கால்மேல் கால் போட்டபடி சின்னவள். படத்துக்குக் கீழே அவள் சொன்னதாகத் தடித்த எழுத்தில் போட்டிருந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்:

"காலையில் எழுந்ததும் பத்து நிமிஷம் இதில் உட்காராவிட்டால் எனக்கு எதுவுமே ஓடாது."