பதினேழாவது நிமிடத்தில் அம்மா சொன்னது

படத்துக்கு வயது நாற்பத்தொன்று. வெளிநாட்டுச் சின்ன ஊர், ஓயாத மழை, ஆற்றில் ஒரு பிணம், நீளக் கோட்டு போட்ட போலீஸ்காரர். அந்தக் காலத்துக் கொலைப் படங்களில் நம் மாதிரி முகங்களுக்கு இருந்ததே மூன்று வேலைதான்: சந்தேகத்தில் மாட்டுவது, திருதிருவென்று முழிப்பது, பாதிப் படத்துக்குள் செத்துப்போவது. இதில் முழிக்கிற வேலை என் அம்மாவுக்கு.

இப்போது படத்தைத் துடைத்துப் புதுசாக்கி வெளியிடுகிறார்கள். திரையின் அடியில் வசன வரிகள் போடும் வேலை என் தலையில் விழுந்தது. வீட்டிலிருந்தே செய்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

பதினேழாவது நிமிடம், சலவைக்கடை. போலீஸ்காரர் கேட்கிறார், யாரைப் பார்த்தாய் என்று. அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தமிழில் கடகடவென்று ஏதோ சொல்கிறாள். அவர் உச்சுக் கொட்டிவிட்டுப் போகிறார். பழைய பிரதியில் அந்த இடத்தில் போட்டிருந்த வரி: ‘புரியாத மொழியில் உளறுகிறாள்.’

உளறுகிறாளாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சலவை இயந்திரத்தின் இரைச்சலைக் குறைத்து, நாலு தடவை ஓட்டிக் கேட்டேன்.

“அந்த டாக்டர்தான்யா கொன்னவன். அவன் சட்டையில இருந்த ரத்தக்கறையை எட்டுத் தடவை தோச்சவ நான். போய்ப் பிடிங்க.”

கொலைகாரன் டாக்டர்தான். படம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் போலீஸ்காரர் அதைக் கண்டுபிடிப்பார்.

வேலை தந்த கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“ஐயையோ, அதைப் போடாதீங்க! இப்பவே கொலைகாரன் யாருன்னு சொல்லிட்டா, மீதி ஒன்றரை மணி நேரம் ஜனங்க என்னத்தைப் பார்க்கும்?”

“அந்தப் போலீஸ்காரர் எவ்வளவு பெரிய முட்டாள்னு பார்க்கட்டும் சார்.”

“விளையாடாதீங்க. ‘எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா’ன்னு போடுங்க. உங்க அம்மாவுக்கும் ஒரு வரி கிடைச்ச மாதிரி ஆச்சு. முடியாதுன்னா சொல்லுங்க, ஃபைலை வேற ஆளுக்கு மாத்திடறேன்.”

வேறு ஆள் என்ன போடுவார் என்று தெரியாதா? மறுபடியும் உளறல்தான். நாற்பத்தொரு வருஷமாக என் அம்மா உளறியது போதாதா? போனை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். அம்மா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, டாக்டர்தான் கொன்னான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“கடைசி சீனைத்தானே முதல்ல எடுத்தாங்க. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் அந்தச் சட்டையில சிவப்புச் சாயத்தைக் கொட்டுவாங்க. தோய்க்க நம்ம சலவைக்கடைக்குத்தான் வரும். அப்புறம் என்னையே நடிக்கச் சொல்லிட்டாங்க.”

“அதுக்குன்னு படத்துல போட்டு உடைப்பியா?”

“டைரக்டர், ‘உன் பாஷையில வாய்க்கு வந்ததைச் சொல்லு’ன்னாரு. நான் எதுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லணும்? கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.”

“நீ என்ன சொன்னேன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?”

“நீதான் கேக்கற,” என்றாள். கை துண்டை மடிப்பதை நிறுத்தவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிடம். ‘அந்த டாக்டர்தான் கொன்றான், போய்ப் பிடியுங்கள்’ என்று அந்த ஊர் மொழியில் அடித்தேன். வேலை போனால் போகட்டும். அம்மா பின்னால் வந்து நின்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். வேண்டாம், உனக்கு எதற்கு வம்பு என்பாள் என்று காத்திருந்தேன்.

“சட்டையை விட்டுட்டியே,” என்றாள். “எட்டுத் தடவை.”

சேர்த்தேன். அனுப்பினேன்.