ஜனவரிக்கு அந்தப் பக்கம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பின்வாசலில் வார்டு மூட்டைகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. முழங்கைவரை ரப்பர் உறை போட்ட நான்கு பெண்கள் விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறினார்கள். ரத்தம் பட்டது ஒரு தொட்டிக்கு, மற்றது இன்னொன்றுக்கு. மடிப்பில் ஊசி கிடந்தால் இடுக்கியால் எடுத்து டப்பாவில் போட வேண்டும். மூத்தவள் அட்டையில் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வருடம் உதறிய பிறகு, போன நவம்பரில்தான் அவள் மேற்பார்வையாளர் ஆனாள்.

உள்ளே, இயந்திரங்களின் பக்கம், அவளுடைய ஓரகத்தி நின்றிருந்தாள். கொழுந்தனின் மனைவி. கூடத்தில் எல்லோருக்கும் அவள் ‘இளையவள்’. இரண்டு வருடம் பிந்தி வேலைக்கு வந்தவள். இந்தப் பிப்ரவரியில் இரண்டாவது மேற்பார்வையாளராகச் சேர்ந்திருந்தாள். ஒரே வீட்டில் மூத்தவள் கீழே, இளையவள் மாடியில்.

மார்ச் மாதச் சம்பளச் சீட்டுகள் கட்டாக வந்தன. மூத்தவள்தான் பிரித்துக் கொடுத்தாள். இளையவளின் சீட்டை எடுத்தபோது கண் தானாகக் கீழ் வரிக்குப் போனது. மறுபடி தன் சீட்டைப் பார்த்தாள். இளையவளுக்கு ஓர் இன்கிரிமென்ட், ஒரு வருடத்துச் சம்பள உயர்வு, கூடுதலாக இருந்தது. சீட்டை நான்காக மடித்து அவளிடம் நீட்டினாள்.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"வெயில்."

மதியமே அலுவலகத்துக்குப் போனாள். கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நவம்பர்ல உங்களுக்குப் பதவி உயர்வு. அன்னையிலேர்ந்து ஒரு வருஷம் முடிஞ்சாத்தான் அடுத்த இன்கிரிமென்ட். எல்லாருக்கும் வர்ற ஜனவரி இன்கிரிமென்ட் உங்களுக்குக் கிடையாது. அவங்க ஜனவரிய வாங்கிட்டு பிப்ரவரியில சேந்தாங்க. அதுக்கு மேலதான் புதுச் சம்பளம் போட்டோம்."

"அவளுக்கு வேலை கத்துக் குடுத்ததே நான்தான் சார்."

"விதிக்கு அது தெரியாதும்மா."

அன்றிலிருந்து மாடியில் என்ன சத்தம் கேட்டாலும் மூத்தவளுக்கு எரிந்தது. மேலே நாற்காலி இழுபட்டால் புது நாற்காலியோ என்று தோன்றியது. இளையவளின் மகள் புதுச் செருப்போடு படியிறங்கியபோது செருப்பை மட்டும் பார்த்தாள். இரண்டு வருடம் பழகிய செருப்பு வாரை ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டிருந்தாள் அவளுடைய சொந்த மகள்.

"விடேன்," என்றார் புருஷன். "என் தம்பி வீட்டுக்குத்தானே போகுது. தெருவுல போறவனுக்கா போகுது?"

"தெருவுல போறவனுக்குப் போயிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

வேலை முறைப் பட்டியல் எழுதுவது அவள் பொறுப்பு. ஏப்ரல் முழுக்க இளையவளைப் பின்வாசல் மூட்டைகளுக்குப் போட்டாள். மே மாதமும் போட்டாள். இளையவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் துணி காயும் கொடியடியில் மூத்தவளே கேட்டுவிட்டாள்.

"உன் பதவி உயர்வு ஆர்டர் எப்ப வந்துச்சு?"

இளையவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "டிசம்பர்ல."

"அப்புறம் ரெண்டு மாசம் எதுக்கு லீவு? முதுகுவலின்னே. மாடிப்படி ஏறி உனக்குத் தண்ணி தூக்கினவ நான்."

"வலி நெசந்தாங்க்கா. ஒரு வாரத்துல விட்டுடுச்சு." கையுறையைக் கொடியில் போட்டாள். "கிளார்க் சார் பேச்சுவாக்குல சொன்னாரு. மூத்தவங்க அவசரப்பட்டுட்டாங்க, ஜனவரி தாண்டிச் சேந்திருக்கணும்னு. அதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சேந்து ஒரு மாசம் ஆயிருந்துச்சு. சொன்னா என்ன ஆகும்? பதவி உயர்வுன்னு எல்லாருக்கும் மிட்டாய் குடுத்திருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

மூத்தவள் கொடியிலிருந்த விரிப்பை வெடுக்கென்று இழுத்தாள். கிளிப் ஒன்று தெறித்துச் சாக்கடையில் விழுந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் மனு எழுதுகிறவரிடம் போனாள். அவர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"மூத்தவங்களைவிட இளையவங்க கூட வாங்கினா, சமமா உயர்த்திக் கேக்கலாம். ஆனா அவங்க சம்பளத்தைக் காட்டித்தான் கேக்கணும். பேரு எழுதவா?"

பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

"எழுதுங்க. முழுப் பேரா எழுதுங்க."

அவர் எழுதி முடிக்கும்வரை அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாளைக்குப் பிறகு அன்று அவளுக்குப் பசித்தது.

ஆகஸ்டில் கிளார்க் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க மனு முடிஞ்சுதும்மா. அவங்க ஃபைலை வரவழைச்சுப் பாத்திருக்காங்க. ஆர்டர் தேதி டிசம்பர். வேணும்னே தள்ளிச் சேந்திருக்காங்கன்னு சொல்லிட்டாங்க. டிசம்பர்லயே சேந்ததா வச்சு, அவங்க ஜனவரி இன்கிரிமென்ட்ட ரத்து பண்ணியாச்சு. வாங்கினத மாசாமாசம் பிடிப்பாங்க."

"எனக்கு?"

"இப்ப அவங்க உங்களைவிடக் கூட வாங்கலையே. அதனால உங்களுக்குக் குறை எதுவும் இல்லைன்னு போட்டிருக்கு."

"அவளுக்குக் கொறைக்கச் சொல்லி நான் கேக்கல சார். எனக்குப் போடச் சொல்லித்தான் கேட்டேன்."

"ஃபைலைத் திறந்தா எல்லாந்தானே தெரியும்." இரண்டு தாள்களை நகர்த்தினார். "மூத்த மேற்பார்வையாளர் நீங்கதான். ஒண்ண அவங்ககிட்ட குடுத்துட்டு, இன்னொண்ணுல கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க."

இளையவள் பின்வாசலில் இருந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். மெதுவாகப் படித்தாள். முதல் வரியிலேயே மனு கொடுத்தவரின் பெயர் இருந்தது. படித்து முடித்தும் தலை நிமிரவில்லை.

"நான் இப்படிக் கேக்கல," என்றாள் மூத்தவள்.

"எங்கக்கா கையெழுத்துப் போடணும்?"

சுற்றிலும் ஈர மூட்டைகள்தான். தாளை வைக்க ஓரிடமும் இல்லை. மூத்தவள் தன் உள்ளங்கையை விரித்து அதன்மேல் தாளை வைத்துப் பிடித்தாள். இளையவள் குனிந்து, எழுத்துக்கூட்டுவதுபோல, முழுப் பெயரையும் எழுதினாள். பேனா முனை ஒவ்வொரு எழுத்தாகத் தாளுக்கு அடியில் இருந்த சதையில் அழுந்தியது. மூத்தவள் கையை அசைக்கவில்லை.