மர்டோவுக்கு வந்த பதில்

தென்கோடித் துறைமுகமான பிளஃப் ஊருக்குள் நுழையும்போதே கடற்காற்று காரைப் பிடித்து உலுக்கியது. காலையில் டனீடனில் கிளம்பிய ஐல்சா, வழியில் ஒரு சீஸ் ரோலை விழுங்கியதோடு சரி. தேடி வந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. இதில் பசி எங்கிருந்து வரும்?

மர்டோ ஃபின்ட்லேட்டரை அவள் ஒரே ஒரு முறைதான் நேரில் பார்த்திருக்கிறாள். ஆனால் இருவரும் ஒரே லினக்ஸ் மென்பொருள் சமூகத்துக்காக வருஷக்கணக்கில் காசு வாங்காமல் மாரடிக்கிறவர்கள். ஆளுக்குச் சில பேக்கேஜ்கள் பொறுப்பு. ஒரு மென்பொருளை எடுத்து, பிழை பார்த்து, ஒழுங்காகக் கட்டி, சமூகத்தின் சர்வருக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் உலகத்தில் எங்கேயோ ஒருவன் ஒரு வரி தட்டினால் அது அவன் கணினியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நன்றி என்று ஒரு வார்த்தை வராது. உடைந்தால் மட்டும் திட்டு வண்டி வண்டியாக வரும். மர்டோவுடையது கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம் கணக்குப் போட்டுச் சொல்கிற நிரல். அவரே எழுதி அவரே கவனித்துவந்தது. சிப்பி அள்ளும் படகில் ஆயுசைக் கழித்த மனிதர். கடல் கணக்கில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்தப் பேக்கேஜ் லினக்ஸின் வரப்போகும் பதிப்பில் உடைந்துகிடந்தது. இன்று மாலைக்குள் சரியாகவில்லை என்றால் நீக்கிவிடுவார்கள். மர்டோவிடமிருந்து ஒரு வருஷமாக அசைவே இல்லை. காணாமல்போன பராமரிப்பாளர்களைத் தேடுவதுதான் சமூகத்தில் ஐல்சாவின் பொறுப்பு. "இருக்கீங்களா?" என்று கேட்டு மெயில் மேல் மெயில் போட்டாள். பதில் இல்லை. வழக்கப்படி, அதற்குமேல் யாரும் மெனக்கெட மாட்டார்கள். பேக்கேஜை அநாதை என்று அறிவித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அவளே அதைச் சரிசெய்தும் பார்த்தாள். கடல் வற்றவேண்டிய நேரத்தில் பெருகும் என்று காட்டியது. அதை நம்பிப் படகை எடுக்கிறவன் நேரே பாறையில் போய்த்தான் நிற்பான். மர்டோவை விட்டால் வேறு கதியில்லை.

மர்டோவின் வீட்டு வாசலில் அவள் காரை நிறுத்தியதும், பக்கத்து வீட்டுக் கொடியில் போர்வையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பெண்மணி எட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா வேணும்? மர்டோவா? இருக்கான், இருக்கான். மூஞ்சியப் பாத்தா செத்தவனே தேவலாம்போல இருக்கும். நீ யாரு, சொந்தமா?"

"இல்லங்க. கூட வேலை செய்யறவ."

"அவன்கூடவா? நல்லா இருக்கே! அவன் பொண்டாட்டி நெட்டா செத்துப்போனதுலேர்ந்து இந்த வீட்டு வாசல்ல ஒரு நாய்கூட எட்டிப் பாக்கல. இப்பதான் வழி தெரிஞ்சுதாக்கும்!"

ஐல்சாவுக்குச் சுருக்கென்றது. போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்தவர் மெலிந்திருந்தார். ஸ்வெட்டர் தோளில் நிற்கவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அட, பாஸ்போர்ட் பொண்ணு!"

கிறைஸ்ட்சர்ச் நகரில் நடந்த சமூகக் கூட்டத்தை மறக்கவில்லை மனிதர். இந்தச் சமூகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசிய டிஜிட்டல் சாவி உண்டு. அதனால் முத்திரை வைத்து அனுப்பினால்தான் சர்வர் எதையும் வாங்கிக்கொள்ளும். 'இந்தச் சாவி இந்த ஆளுடையதுதான்' என்று மற்றவர்கள் நேரில் பாஸ்போர்ட்டைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அன்று மர்டோ ஐல்சாவின் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படத்துல இருக்கறது உங்க அத்தையா?" என்று கேட்டுக் கூட்டத்தையே சிரிக்கவைத்தார்.

"உயிரோடதான் இருக்கீங்க," என்றாள் ஐல்சா.

"அதச் சரிபாக்கவா இவ்ளோ தூரம் வந்த? உள்ள வா, காத்து வீட்டையே தூக்கிடும்."

சமையலறை மேஜையில் தேநீர் வைத்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை. "மர்டோ, உங்க பேக்கேஜ் இன்னிக்குச் சாயங்காலம் போகப்போகுது. ஒரு வருஷமா எங்க போனீங்க? என் மெயில் ஒண்ணுக்காவது பதில் போட்டிருக்கலாம்ல?"

"மெயிலா? எந்த மெயிலு?"

விஷயம் மெல்ல வெளியே வந்தது. போன வருஷம் சமூகத்தின் பொதுக்குழுவில் ஒரு வாக்குவாதம். மர்டோ கத்தினார், கொஞ்ச நாள் ஒதுங்கியிருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சமூகத்து ஆட்கள் யார் மெயில் போட்டாலும் நேரே குப்பைக்குப் போகும்படி அமைத்துவிட்டார். சர்வர் தானாக அனுப்புகிற மெயிலுக்கு மட்டும் வழி விட்டார்.

"மனுசங்கதான் மூஞ்சிக்கு ஒண்ணு முதுகுக்கு ஒண்ணு பேசுவாங்க. மெஷின் அப்படியா? வந்துச்சுன்னா வந்துச்சுங்கும், தப்புன்னா தப்புங்கும். அது போதும்னு வேலையப் பாத்தேன். நீ சொல்ற பிழை... அத நான் குளிர்காலத்துலயே சரிபண்ணி அனுப்பிட்டேனே! திரும்பத் திரும்ப அனுப்பினேன். ஒரு வரி பதில் வரல, ஐல்சா. வேணாம்னுகூடச் சொல்லல. நாய்க்குப் போடற மாதிரிகூட ஒரு பதில் போடல."

ஐல்சாவுக்கு உள்ளே ஏதோ தட்டியது. மடிக்கணினியைத் திறந்து அவருடைய சாவியின் பதிவைத் தேடினாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மர்டோ... உங்க சாவிக்குக் கெடு முடிஞ்சு ஒரு வருஷமாகுது."

அவர் கப்பைக் கீழே வைத்தார்.

கெடு முடிந்த சாவியால் முத்திரை வைத்து என்ன அனுப்பினாலும், சர்வருக்கு அது யாரோ முகம் தெரியாதவன் எறிந்த பொட்டலம். தூக்கிக் குப்பையில் போடும். முகம் தெரியாதவனுக்கு என்னவென்று பதில் எழுதும்? எழுதாது. இது எல்லாருக்கும் தெரிந்த விதிதான். வருஷா வருஷம் யாராவது ஒருவர் இதில் மாட்டுவார்கள். சக ஆட்கள், 'என்னப்பா, சாவியப் புதுப்பிக்கலையா' என்று கேலிசெய்து மெயில் போடுவார்கள், அன்றே சரியாகிவிடும். மர்டோவுக்கு அந்த மெயிலும் குப்பைக்குத்தான் போகும்.

"நெட்டா போனப்ப நான்தான் அந்தக் கெடு வெச்சேன்," என்றார் மர்டோ. "நானும் பின்னாடியே போயிடுவேன்னு நெனச்சேன். நான் போனப்புறம் எவனும் அத வெச்சு விளையாடக் கூடாதுல்ல. அப்புறம்... மறந்தே போச்சு. இவ்ளோ நாள் இருப்பேன்னு யார் கண்டா?"

"போகட்டும். நீங்க சரிபண்ணின கோப்பைக் கொடுங்க. என் சாவியால இப்பவே அனுப்பறேன். சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கு!" அவள் பரபரத்தாள்.

மர்டோ ஜன்னலோரத்து மேஜையைக் காட்டினார். அங்கே தூசிக்கு நடுவே கணினி இருந்த இடம் மட்டும் சதுரமாகத் துப்புரவாக இருந்தது.

"போன வாரம்தான் எல்லாத்தையும் அழிச்சு, பழைய சாமான் கடையில கொண்டுபோய்ப் போட்டேன். யாருக்கும் வேணாம்னு ஆனப்புறம் அது என்னத்துக்கு, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு?"

"நகல்? நகல் எடுத்து வைக்கலையா?"

"நெட்டா போட்டோவுக்கெல்லாம் எடுத்தேன். இதுக்கு எதுக்கு நகல்? சர்வருக்குத்தான் போயிடுச்சே, அத விடப் பத்திரமான இடம் உண்டான்னு இருந்துட்டேன்."

அனுப்பியதைச் சர்வர் எறிந்துவிட்டது. வைத்திருந்ததை அவர் எறிந்துவிட்டார். ஒரு வருஷ உழைப்பு, பாவி மனுஷன், எங்கேயும் இல்லை. ஐல்சாவுக்கு அழுகை முட்டியது. போன வாரமே கிளம்பியிருக்கலாம். கிளம்பலாம் என்று நினைத்தாள்கூட. மழையைச் சாக்கு வைத்துத் தள்ளிப்போட்டாள்.

"உக்காந்து மறுபடி எழுதலாம் மர்டோ. நான் கூட இருக்கேன். அடுத்த பதிப்புக்காவது..."

"ஒரு தடவ சரிபண்ணினேன் பொண்ணே. தெம்பு அதோட போச்சு." பிறகு, கப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஒரு வருசம். அத யாராவது உபயோகிச்சாங்களா? எங்க போனான் மர்டோன்னு எவனாவது கேட்டானா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வரவில்லை. "நீக்கற பட்டியல்ல உங்க பேரு வந்தப்பதான் எனக்கே தெரிஞ்சது."

அவர் தலையாட்டினார். "யாரு நீக்கறது?"

"நான்தான்."

"இங்கயே செஞ்சுடு. உடைஞ்சத வெச்சிருந்து எவனாவது பாறையில முட்டினா பாவம்."

ஐல்சா நீக்கக் கோரிக்கையை எழுதினாள். காரணம் என்ற இடத்தில் எதைப் போடுவதென்று தெரியாமல் விரல் நின்றது. 'உடைந்துள்ளது' என்று மட்டும் போட்டு, முத்திரை வைத்து அனுப்பினாள்.

கையை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. சர்வர் தானாக அனுப்பியது.

"படி," என்றார் மர்டோ.

"'உங்கள் கோரிக்கை கிடைத்தது. பேக்கேஜ் நீக்கப்படும். உங்கள் பங்களிப்புக்கு நன்றி.'"

அவர் எழுந்து மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, அவள் பக்கத்தில் வந்து குனிந்தார். நீக்கப்படும் பேக்கேஜின் பராமரிப்பாளருக்கும் ஒரு பிரதி போவது சர்வரின் வழக்கம். மெயிலின் மேலே, பெறுநர் இடத்தில் ஐல்சாவின் பெயருக்குக் கீழே, அவர் பெயர் இருந்தது.

"எனக்கும் போட்டிருக்கு பாரேன்," என்றார்.

ஐல்சா மடிக்கணினியை மெதுவாக அவர் பக்கம் திருப்பி வைத்தாள். மர்டோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விரலை வரியின் மேல் வைத்து, மறுபடி முதலிலிருந்து படித்தார்.