நாலு விரல் மீன்

தையல்காரருக்கு அன்று வேலையே ஓடவில்லை. பத்துத் தையல் போடுவார், எழுந்து கொல்லைக்குப் போய்த் தொட்டியை எட்டிப் பார்ப்பார், திரும்பி வருவார். ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையை வைத்துத் தைத்துவிட்டு அதைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

தொட்டி என்றால் வெட்டவெளியில் இடுப்பு உயரச் சிமெண்டுத் தொட்டி. அதில் கறுப்பு வால் கப்பி மீன்கள். கடையில் கிடைக்கிற ரகம் இல்லை. மூன்று வருடம் பொறுக்கிப் பொறுக்கி இணை சேர்த்து அவரே கொண்டுவந்தது. உச்சி வெயிலுக்குப் பாதித் தொட்டியில் ஈரச் சாக்கு, மழைக்கு மூடி, குளிர் தொடங்கினால் வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டி என்று பெற்ற பிள்ளையாகப் பார்த்துக்கொண்டார். நாற்பது இருந்தன. போன வாரம் பத்தொன்பது. செத்தால் உடம்பாவது மிதக்க வேண்டாமா?

மீன்கொத்தியாக இருக்கும் என்று வலை கட்டினார். பூனையாக இருக்கும் என்று கம்போடு காவல் இருந்தார். தொட்டிக்குள்ளேயே இருந்த மீசை மீன்மேல் மட்டும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பாசி தின்ன ஒரு துணை வேண்டும் என்று ஆறு மாதம் முன்பு வாங்கியது. பகலெல்லாம் கவிழ்த்த சட்டிக்குள் கிடக்கும் கூச்சக்காரன். வளர்ந்தாலும் நாலு விரல்தான், எல்லாவற்றோடும் ஒத்துப்போகும் என்று சொல்லித்தான் மீன் கடைக்காரர் கொடுத்தார்.

மிச்சம் இருந்தது மச்சினன். மனைவியின் தம்பி, வேலை போய் மூன்று மாதமாக இவர்கள் வீட்டில் இருக்கிறான். எந்நேரமும் தொட்டியடியில் குந்தியிருப்பான். யாருக்கோ தூக்கிக் கொடுக்கிறான் என்று தையல்காரர் தானாகவே முடிவு கட்டி, நேற்றுக் காலைச் சாப்பாட்டில் அதை வாய்விட்டும் கேட்டுவிட்டார்.

“சோறு போட்ட வீட்டுலயே கை வெக்கிறியா?”

மச்சினன் தட்டைக் கழுவி வைத்தான், பையை மாட்டினான், போய்விட்டான். அதிலிருந்து மனைவி இவரோடு பேசவில்லை.

இன்று எண்ணினால் பதினேழு.

தண்ணீரை இறைத்தார். சட்டியைத் தூக்கினார். உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு, உப்பிய வயிற்றோடு மீசை மீன். அதைப் பக்கெட்டில் போட்டு எடுத்துக்கொண்டு மீன் கடைக்கு ஓடினார். கடைக்காரர் அசரவில்லை. நாலு விரல் என்றுதானே சொன்னேன், இன்னும் வளரும் என்று நடுவிரலை மேசைமேல் கிடத்தி, ஒன்றின் நுனியில் ஒன்றாக நான்கு தரம் நகர்த்திக் காட்டினார். ஒரு அடி வந்தது. தையல்காரர் தன் நான்கு விரல்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். முப்பது வருடமாகப் பட்டியும் மடிப்பும் அளந்த கை. அவருக்கு விரல் என்றால் அகலம்தான்.

வீட்டுக்கு வந்ததும் வெட்கத்தை விட்டு மச்சினனுக்குப் போன் போட்டார். மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை. மீசை மீன்தான் தின்றது, பதினேழுதான் மிச்சம் என்றார்.

“குட்டிங்களுக்குத் தீனி போட்டீங்களா மாமா?”

“எந்தக் குட்டி?”

“தண்ணி டேங்குக்குப் பின்னாடி வாளி இருக்கு பாருங்க. பெருசுங்க தின்னுடும்னு அப்பப்ப பிரிச்சு வெச்சேன். நேத்து சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

போனோடு போய்ப் பார்த்தார். வாளியின் வாயில் இவர் தைத்துக் கழித்துப் போட்ட வலைத்துணி, சுற்றிலும் கோணல்மாணலாகக் கைத்தையல். அடியில் முப்பது நாற்பது பொடிக் குட்டிகள். வால் இன்னும் கறுக்கவில்லை.

“வீட்டுக்கு வா மாப்ள. வந்து நீயே எண்ணிச் சொல்லு.”

“நீங்களே எண்ணி வெச்சுக்குங்க மாமா. நான் வந்தப்புறம் ஒண்ணு கொறஞ்சா?”

போனைக் காதிலிருந்து எடுக்காமல் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கமும் இன்னும் வைக்கவில்லை.